திரை வந்த பிறகு வணக்கம்

திரை கறுப்பாகவே இருந்தது. ஒயர் வாத்தியார் ஒயரைப் பிடுங்கி, நுனியை வாயால் ஊதி, மறுபடியும் செருகினார். திரை நீலமாக மாறி, நடுவில் 'சிக்னல் இல்லை' என்றது. கறுப்புக்கு நீலம் தேவலை என்று அவர் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

எங்கே போனாலும் ஒரு பை நிறைய ஒயர்களோடு போவதால் அவருக்கு அந்தப் பெயர். தையல் முதல் பேச்சுக்கலை வரை எல்லாம் சொல்லித் தரும் பயிற்சி நிலையம் ஒன்றில் அவர் கணினி வாத்தியார். ஸ்லைடு போட்டுப் பேசும்போது வரும் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி என்பதுதான் அவருடைய பாடம். பாடம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் அவர் கிட்டே வந்தாலே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கும் ஏதோ ஒன்று ஆகிவிடும்.

போன வகுப்பில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். அதற்கு முந்தைய வகுப்பில் கடைசியாக எழுந்து போனவர், உள்ளே இன்னும் வாத்தியார் இருக்கிறார் என்பதை மறந்து விளக்கையும் அணைத்துவிட்டுப் போனார்.

அதனால் நிர்வாகி மேடம் நேற்று அவரைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு வகுப்பு முடியறதுக்குள்ள ஒரே ஒரு ஆள் எழுந்து போனாலும், அதுதான் உங்க கடைசி வகுப்பு. எனக்கும் மேல பதில் சொல்லணும் சார்."

வேலை போனால் போகட்டும் என்று விட முடியாது. போனால், அவருக்காக ஒரு இடம் தயாராகக் காத்திருந்தது. மைத்துனனின் ஜெராக்ஸ் கடை. காலையில் அவருடைய லேப்டாப் உயிரை விட்டுவிட, மைத்துனனிடம்தான் இரவல் வாங்கி, பென் டிரைவில் இருந்த பாடத்தை அதில் ஏற்றி வந்திருந்தார். கொடுக்கும்போதே அவன் பல்லைக் காட்டினான்.

"பத்திரமா கொண்டாங்க மாமா. அங்க சரிப்படலைன்னா கவலைப்படாதீங்க. நம்ம கடையில கவுன்ட்டர் காலியாத்தான் இருக்கு."

"தம்பி எவ்வளவு ஆசையா கூப்பிடறான் பாருங்க" என்றாள் மனைவி. அந்த ஆசைக்குப் பயந்துதான் வாத்தியார் இன்று ஓட்டமும் நடையுமாக வந்து, வழக்கமான அறைக்குள் வழக்கம் போல நுழைந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஒயரை எடுத்திருந்தார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. திரையில் படம் வந்த பிறகுதான் வணக்கம் சொல்வார். வெறும் திரைக்கு முன்னால் நின்று வணக்கம் சொல்லும் வாத்தியாரை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. ஆகவே இன்னும் வணக்கம் சொல்லவில்லை.

அறை நிறைய ஆட்கள். முன்வரிசையில் பெரிய மீசையோடு ஒருவர். அவர் பக்கத்தில் ஓட்டுநர் சீருடையில் ஒருவர். பின்னால் மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் அம்மா. ஓரத்தில், வலது கையில் கட்டுப் போட்ட ஓர் இளைஞர். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே நிமிஷம்" என்றார் வாத்தியார். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். படம் வந்துவிட்டது. ஆனால் ஸ்லைடு லேப்டாப்பிலேயே தங்கிவிட, திரையில் மைத்துனன் வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாருடையதோ ஒரு மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

மீசைக்காரர் மெல்லக் கேட்டார். "யாருங்க அது?"

"என் மைத்துனன்."

"பாடத்துல வர்றாரா?"

"இல்லைங்க. வாழ்க்கையிலதான் வர்றான்."

மைத்துனனை அப்புறப்படுத்த வாத்தியார் புரொஜெக்டரின் தலையில் இருந்த பொத்தானைத் தட்டினார். மைத்துனன் போகவில்லை. தலைகீழாகத் தொங்கினான். இன்னொரு தடவை தட்டினார். மோட்டார் சைக்கிள் மட்டும் இடமும் வலமும் மாறியது. அதற்கு மேல் எதைத் தட்டினாலும் அசையவில்லை.

வாத்தியார் யோசித்தார். படம் நிமிரவில்லை என்றால் பெட்டியைக் கவிழ்த்துவிட வேண்டியதுதானே? புரொஜெக்டரை அப்படியே குப்புறக் கவிழ்த்தார். மைத்துனன் நிமிர்ந்தான். ஆனால் பாதி திரையிலும் பாதி தரையிலுமாக விழுந்தான்.

"அடியில முட்டுக் கொடுக்க ஏதாவது இருக்குங்களா?"

ஓட்டுநர் தம் சாப்பாட்டு டப்பாவை எடுத்து நீட்டினார். மூக்குக்கண்ணாடி அம்மா கைப்பையைக் கொடுத்தார். வாத்தியாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இந்த நேரத்துக்குப் போன வகுப்பில் இரண்டு வரிசை காலியாகியிருந்தது. இவர்களோ சாப்பாட்டையே கொடுக்கிறார்கள். எங்கிருந்து வந்தார்களோ, தங்கமான மனிதர்கள்!

ஒருவழியாக முதல் ஸ்லைடைத் திரைக்குக் கொண்டுவந்தார். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன.

"கட்டம் கட்டமா இருக்கே?" என்றார் மூக்குக்கண்ணாடி அம்மா.

"ஃபான்ட் பிரச்சினைங்க. என் லேப்டாப்புல இருந்த எழுத்து இதுல இல்லை. பயப்படாதீங்க, இதெல்லாம் சகஜம்."

"பயப்படலை சார். பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்." சொல்லிவிட்டு அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஒன்று, இரண்டு என்று எண்ணினார். தூக்கம் வந்துவிட்டதோ என்று வாத்தியாருக்குப் பகீர் என்றது.

அவசரமாக எல்லா ஸ்லைடுக்கும் சேர்த்து வேறோர் எழுத்தை மாற்றினார். கட்டங்கள் போய் எழுத்துகள் வந்தன. வந்தவை சும்மா வரவில்லை, ஊதிப்போய் வந்தன. தலைப்பு இரண்டு பக்கமும் திரைக்கு வெளியே வழிந்து, நடுவில் ஒரு கொம்பும் ஒரு புள்ளியும் மட்டும் மிஞ்சின. அதை உள்ளே இழுக்கப் போனவர், கை தவறி 'தொடங்கு' என்பதை அழுத்திவிட்டார்.

ஸ்லைடுகள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. நேற்று வீட்டில் மனைவியை எதிரே உட்காரவைத்து ஒத்திகை பார்த்திருந்தார். அந்த ஒத்திகையின் வேகம் அப்படியே பதிவாகியிருந்தது. மனைவியோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் "சரி, புரிஞ்சுது, அடுத்தது" என்று விரட்டியிருந்தாள். அதே விரட்டலில் இப்போது ஸ்லைடுகள் பறந்தன. போதாக்குறைக்கு, ஒவ்வொன்று மாறும்போதும் கைதட்டல் ஒலி வைத்திருந்தார். பாடம் முழுவதும் படபடவென்று கைதட்டிக்கொண்டே ஓடிப்போய்க் கடைசி ஸ்லைடில் நின்றது. சின்னச் சொல் என்பதால் அது மட்டும் திரைக்குள் அடங்கியிருந்தது.

'நன்றி'.

வணக்கம் சொல்வதற்குள் நன்றி வந்துவிட்டது. வாத்தியார், யாராவது எழுந்து போகிறார்களா என்று கதவைப் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. மீசைக்காரர் மட்டும் இரண்டு கைகளையும் முஷ்டியாக இறுக மூடி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"முதல்லேருந்து போட்டுடறேங்க" என்றார் வாத்தியார்.

"போடுங்க சார். அவசரமே இல்லை" என்றார் மீசைக்காரர். அவர் கழுத்து நரம்பு மட்டும் லேசாகப் புடைத்திருந்தது.

தானாக ஓடுவதை நிறுத்த வாத்தியார் எதையோ மாற்றினார். அது நின்றது. நின்ற கையோடு, வாத்தியார் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டிய குறிப்புகள் திரைக்கும், ஊருக்குத் தெரிய வேண்டிய ஸ்லைடு லேப்டாப்புக்குமாக இடம் மாறிக்கொண்டன. ஸ்லைடுதான் ஊதியிருந்ததே தவிர, குறிப்புகள் அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தன.

ஓட்டுநர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இந்த இடத்தில் நகைச்சுவை. யாரும் சிரிக்காவிட்டால் இருமவும்."

வாத்தியார் உண்மையாகவே இருமினார். அடுத்த பொத்தானைத் தட்டினார். அடுத்த குறிப்பு வந்தது. 'தூங்குபவர்களை எழுப்ப வேண்டாம். எழுப்பினால் போய்விடுவார்கள்.'

அந்த நேரம் பார்த்து, கையில் கட்டுப் போட்ட இளைஞர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். வாத்தியாருக்கு ஜெராக்ஸ் கடைக் கவுன்ட்டர் கண்முன்னே தெரிந்தது.

"தம்பி, தம்பி! இனிமேல்தான் முக்கியமான விஷயம் வருது!"

"தெரியும் சார். திரையிலேயே போட்டிருக்கே."

திரும்பிப் பார்த்தார். போட்டிருந்தது. 'யாராவது எழுந்தால், இனிமேல்தான் முக்கியமான விஷயம் என்று சொல்லவும்.'

"நான் போகலை சார். கொஞ்சம் நின்னு மூச்சை இழுத்து விட்டுக்கறேன். அவ்வளவுதான்."

சொன்னபடியே அவர் நின்று மூச்சை இழுத்து விட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் இழுத்து விட்டார்கள். அறையில் காற்று இல்லை போலிருக்கிறது என்று நினைத்த வாத்தியார், ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் லேப்டாப் அப்படியே உறைந்திருந்தது.

இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய பாடத்திலேயே இருக்கிறது. அணைத்துவிட்டு மறுபடியும் போட வேண்டும். அணைத்தார். போட்டார். 'அப்டேட் நடக்கிறது. அணைக்க வேண்டாம்' என்று வந்தது. கீழே ஒரு வட்டம் சுற்ற, பக்கத்தில் சதவீதம் ஏற ஆரம்பித்தது. மைத்துனன் அந்த லேப்டாப்பை வாங்கிய நாளிலிருந்து தள்ளிப்போட்ட அப்டேட் எல்லாம் ஒட்டுமொத்தமாக இன்றைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

பையில் இருந்த போன் உர்ரென்று அதிர்ந்தது. மனைவியாகத்தான் இருக்கும். 'வகுப்பு எப்படிப் போகுது' என்று கேட்பாள். சொல்லும்படியாக ஒன்றும் இல்லாததால் எடுக்கவில்லை. போன் மறுபடியும் அதிர்ந்தது. பையை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் ஓட்டுநர். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாலும் குரல் பணிவாகவே இருந்தது.

"சொல்ல முடியாதுங்க. நாம என்ன பண்ணினாலும் அது முடியற நேரத்துலதான் முடியும்."

இதைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடி அம்மா கண்ணைத் திறந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

வாத்தியார் சொன்னார். அந்த அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பாடம் தொடங்கியதிலிருந்து யாரோ ஒருவர் ஒரு வரியை மெச்சியது இதுதான் முதல் தடவை.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாத்தியார் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனிமேல் தட்டுவதற்கு எந்தப் பொத்தானும் மிச்சமில்லை. எல்லோரும் வட்டத்தைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கடைசியில் வராந்தாவில் மணி அடித்தபோது, வட்டம் தொண்ணூற்றொன்பது சதவீதத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

வாத்தியார் எழுந்தார். அவமானத்தில் அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு ஸ்லைடைக்கூட உருப்படியாகக் காட்டவில்லை. இனி எந்த முகத்தோடு மேடத்தைப் பார்ப்பது? கொள்கையாவது ஒன்றாவது என்று, வெறும் திரைக்கு முன்னால் கையைக் கூப்பினார்.

"வணக்கம். மன்னிச்சுடுங்க."

மீசைக்காரர்தான் முதலில் எழுந்தார். அடிக்க வருகிறார் என்றே வாத்தியார் நினைத்தார். ஆனால் அவர் கைதட்டினார். ஓட்டுநர் எழுந்தார், அந்த அம்மா எழுந்தார், அறை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. இந்தத் தடவை அது லேப்டாப்பில் இருந்து வரவில்லை.

மீசைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, என்ன மனுஷன் நீங்க! உங்க இடத்துல நானா இருந்தா அந்த நீலக் கலர் வந்தப்பவே பெட்டியை உடைச்சிருப்பேன். எல்லாத்தையும் வேணும்னுதானே பண்ணினீங்க?"

வாத்தியார் விழித்தார். பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. கோளாறுகளைப் பற்றிய பாடம் அல்லவா! அவர் காட்டிய கோளாறுகளை எல்லாம் செய்முறை விளக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! தலைகீழ்ப் படம், கட்டம் கட்டமான எழுத்து, ஓடிப்போன ஸ்லைடு, அப்டேட் வரை ஒன்று பாக்கியில்லையே! அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"பின்னே? சும்மா வாயால சொன்னா மனசுல நிக்குமா?" என்றார்.

"நிக்காது சார். அந்த மைத்துனர் படமும் வேணும்னுதானா?" என்றார் இளைஞர்.

"எல்லாமே திட்டம்தான் தம்பி. பல வருஷ அனுபவம்."

"அடுத்த வகுப்புக்கும் நீங்களேதான் வரணும். மேடத்துகிட்ட நாங்களே சொல்றோம்" என்றார் மூக்குக்கண்ணாடி அம்மா. "ஒருத்தர்கூட எழுந்து போகலை பார்த்தீங்களா! எனக்கே ஆச்சரியமா இருக்கு."

வாத்தியார் அடக்கமாகச் சிரித்தார். மைத்துனனிடம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன முகபாவத்தோடு கொடுக்க வேண்டும் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது. வரவேற்பறைப் பெண் மூச்சு வாங்க நின்றாள்.

"சார், எத்தனை தடவை போன் பண்றது? இன்னிக்கு உங்க வகுப்பை மேல் மாடிக்கு மாத்தியாச்சு. இவங்கள்லாம் கோபத்தை அடக்கக் கத்துக்க வந்தவங்க, இவங்களுக்குப் பாடம் எடுக்க வந்த நிபுணர்தான், இங்க நீங்க நிக்கறதைப் பார்த்துட்டு மேல போயி, உங்க ஆளுங்க முன்னாடி ஸ்லைடு வரலைன்னு புரொஜெக்டரைத் தூக்கி ஜன்னல் வழியா வீசிட்டாரு!"