மூன்றாவது புரி

படித்தது முழுவதும் புரிந்துவிட்டது என்று ஒருவருக்குத் தோன்றும் நாளில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கயிறு இருக்கக் கூடாது.

எண்பதுகளில், எம்.எஸ்ஸி. கருத்தரங்குக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு பாக்டீரியாவின் டிஎன்ஏ பாலிமரேஸ். பழைய டிஎன்ஏ இழையைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் புதிய இழையை ஒவ்வொரு அலகாகக் கோக்கும் நொதி அது. ஞாயிறன்று எங்கள் ஊர் கோட்டைக்குப்பம் ஏரிக்கரையில் ஒத்திகை பார்த்தேன். டிஎன்ஏவுக்குப் பதில், மணலில் ஏற்றியிருந்த எங்கள் படகின் கயிறு. கயிற்றில் மூன்று புரி. டிஎன்ஏவிலோ இரண்டே இழை. அறிவியலில் சமரசம் கூடாது என்று ஒரு புரியை உருவிப் போட்டேன்.

பிற்பாடு நைனா படகைத் தண்ணீரில் இறக்க, நானே அந்தக் கயிற்றால் அதைத் தண்ணீரில் நட்டிருந்த கழியில் கட்டினேன். (முடிச்சு கடைசிவரை அவிழவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.) காற்று ஏறியது. கயிறு அறுந்தது.

எங்கள் ஏரியில் எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். அன்று மாரி அண்ணன் பாடு. ஆளில்லாத எங்கள் படகு அவர் வலையைக் கிழித்துக்கொண்டு நின்றது. மறுநாள் எங்கள் பாடு. இறால் ஓடும் பருவம்.

"படகை அவுத்து வுட்டுட்டு இன்னாய்யா பண்ணே? நாளைக்கு உனுக்குப் பாடு கெடையாது!" என்று மாரி அண்ணன் நைனாவிடம் கத்தினார். நைனா தலைகுனிந்து நின்றார். கரையில் கூட்டம் கூடிவிட்டது.

நான் முன்னே வந்து முறையாக விளக்கினேன். ஒன்று, நொதியின் அமைப்பு: வலது கை போல உள்ளங்கை, விரல்கள், கட்டைவிரல், உள்ளங்கையில்தான் கோக்கும் வேலை. இரண்டு, தவறான அலகு சேர்ந்தால் அதை வெட்டியெடுத்துவிட்டுச் சரியானதை வைக்கும். மூன்று, கயிறு.

"தப்பு பண்ணா அதுக்கே தெரிஞ்சுடுமா?" என்றார் மாரி அண்ணன்.

"பெரும்பாலும் தெரியும், அண்ணே."

"உனுக்கு?"

கரையே சிரித்தது. நைனாவும் சிரித்தார், அதுதான் தாங்கவில்லை.

சிரித்த பிறகு மாரி அண்ணனால் கோபத்தைத் தொடர முடியவில்லை. "சரி, நாளைக்கு வலை போட்டுக்க. ஆனா என் வலைய உம் பொண்ணுதான் கட்டித் தரணும். அந்த வலது கையால."

கட்டினேன். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, நான் பிசகிய கண்ணியையெல்லாம் அறுத்து, மறுபடி போட வைத்தார். கருத்தரங்கில் நொதியின் அமைப்பைக் காட்ட நான் உயர்த்திய கையில், இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நைனா எதையும் மறைக்கவில்லை. "எம்.எஸ்ஸி. முடிச்சிருக்குது. வலையும் கட்டும். படகை மட்டும் கட்டச் சொல்லாதீங்க."