உங்கள் முகம் ஒன்றுதான் குறை

"எப்படி இருக்கீங்க, சி பூஷ்த்தா?" என்று, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'சி' சேர்த்து, தொலைபேசியில் ஒரு பெண் கேட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஒரு குறையும் இல்லை. உங்க முகத்தைப் பாக்கலைங்கிற ஒரே குறைதான்" என்றார் பூஷ்த்தா.

மொராக்கோவில் எங்கள் மெக்னஸ் ஊரில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். கால் ஒடிந்து கிடப்பவனும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் முனகுவான். எங்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

"சாப்பாட்டுக்குச் சிரமம் இருக்கா?"

"அல்லாஹ் குடுத்தது நிறைய இருக்கு மகளே."

"மனசு?"

"மனசுக்கென்ன, குளுகுளுன்னு இருக்கு!"

"ரொம்ப சந்தோஷம். நிவாரண ஆபீஸ்ல அப்படியே பதிஞ்சுக்கறோம்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

பூஷ்த்தா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தான் எங்கிருந்து, எதற்காகப் பேசுகிறேன் என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கத்தான் வேண்டும். ஆனால் பேச்சின் ஆரம்பத்தை யார் காது கொடுத்துக் கேட்கிறோம்? நம் முறை எப்போது வரும் என்றுதானே காத்திருக்கிறோம்.

மனைவி யம்னா சமையலறையிலிருந்து எரிவாயு உருளையைக் குலுக்கிக்கொண்டே வந்தாள். பத்து நாளாக அதுதான் அவளுக்கு வேலை. குலுக்கினால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அவளுக்குத் தெரியும்.

"யாரு மனுசா போன்ல?"

"நிவாரண ஆபீஸ்."

"என்ன கேட்டாங்க?"

"எப்படி இருக்கீங்கன்னு."

யம்னா உருளையைக் கீழே வைத்தாள். "நீ என்ன சொன்னே?"

பூஷ்த்தா ஜன்னலைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருடக் குடித்தனம்.

"நல்லா இருக்கோம்னு சொல்லிட்டியா? ஹம்மாமை இழுத்து மூடி ரெண்டு மாசமாச்சு. மாவு டப்பாவுல அடி தெரியுது. நாளைக்கோ மறுநாளோ இந்த அடுப்பு அணைஞ்சிடும். நீ நல்லா இருக்கேன்னு சொல்லிட்டியா!"

பூஷ்த்தா எங்கள் பேட்டையின் ஹம்மாமில், அதாவது பொது வெந்நீர்க் குளியலகத்தில், முதுகு தேய்ப்பவர். ஊரில் தொற்றுநோய் பரவியதும் அரசு முதலில் மூடியது அவருடைய பிழைப்பைத்தான். தேய்க்க முதுகு கிடைக்காத கைகள் சும்மா இருக்கவில்லை. பாத்திரத்தைத் தேய்த்தார், படிக்கட்டைத் தேய்த்தார், ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த யம்னாவின் முழங்கையைத் தேய்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஏழைகளுக்கான மருத்துவ அட்டை வைத்திருப்பவர்கள் அட்டை எண்ணைத் தொலைபேசியில் அனுப்பினால் செய்தி வரும், அதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். தெருவில் எல்லோருக்கும் வந்தது. பூஷ்த்தாவுக்கு மட்டும் வரவில்லை. தினமும் பத்து முறை அந்தப் பழைய தொலைபேசியைத் திறந்து பார்ப்பார். உள்ளே தொலைபேசிக் கம்பெனியின் 'ரீசார்ஜ் செய்தால் இரட்டிப்பு' என்ற செய்திகள் மட்டும் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவர் எதையும் அழிப்பதில்லை. ஒருநாள் உண்மையாகவே இரட்டிப்பானால்? திரையின் மூலையில் கடித உறை போல ஒன்று மட்டும் ஒரு மாதமாக மினுக்மினுக் என்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. போனுக்கும் வயசாகுது என்று பூஷ்த்தா அதை விட்டுவிட்டார்.

"திருப்பிக் கூப்பிடு. இப்பவே!" என்றாள் யம்னா.

மளிகைக் கடைக்காரரிடம் கெஞ்சி ரீசார்ஜ் செய்து கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் இசை கேட்டது. கடைசியில் ஓர் ஆண் குரல் வந்தது.

"வணக்கம், எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் தம்பி, நீங்க எப்படி? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? அப்பா அம்மா? பிள்ளைங்க? வேலையெல்லாம்..."

அவரும் மெக்னஸ்காரர்தான் போலிருக்கிறது. விடாமல் பதிலுக்குப் பதில் விசாரித்தார். இரண்டு பேரும் மாமனார் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது.

யம்னா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான்தான் ஆபீஸ்காரி. எப்படி இருக்கீங்க?"

"அல்ஹம்து..."

கரண்டி முழங்காலில் விழுந்தது. "திரும்ப!"

ஒன்பதாவது முறை, நெற்றியெல்லாம் வியர்க்க, "சரியில்லை" என்று சொல்லி முடித்தார். சொல்லிவிட்டு, "உங்களுக்கு அப்படி ஒண்ணும் ஆகாம இருக்கணும்" என்று மளமளவென்று சேர்த்துக்கொண்டார்.

"இதை வெளியில போய்ச் சொல்லிப் பழகு. நாக்கு தானா வரும்."

ரொட்டி வாங்கப் போகும்போது எதிர்வீட்டுத் தையல்காரர் மஃப்தல் ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார். "எப்படி இருக்கே, பூஷ்த்தா?"

பூஷ்த்தா மூச்சை இழுத்துப் பிடித்தார். "சரியில்லை."

மஃப்தல் ஜன்னலைப் படாரென்று சாத்தினார். அந்தத் தெரு உண்டான நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு யாரும் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை.

பகல் தொழுகை நேரத்துக்குள், பூஷ்த்தாவுக்கு அந்த நோய் வந்துவிட்டது என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வாசலில் ஹரீரா சூப் ஒரு அண்டா, எலுமிச்சை போட்ட கோழி இரண்டு, ரொட்டி அடுக்கு, தேன் ஜாடி, முட்டைக் கூடை. ஒவ்வொருவரும் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். யாரோ படிக்கட்டில் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றிவிட்டும் போயிருந்தார்கள்.

பூஷ்த்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, எவ்வளவு நல்ல ஜனங்க."

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. அதே பெண். "சி பூஷ்த்தா, என் பேரு கிஸ்லான். நீங்க சொன்னதை நேர்ல பாத்து உறுதி பண்ணிக்க நாளைக்குக் காலைல உங்க வீட்டுக்கு வர்றேன்."

யம்னா முகம் மலர்ந்தாள். "நல்ல கம்பளத்தை விரிக்கறேன். மஃப்தல் வீட்டுல வெள்ளித் தட்டு இரவல் வாங்கிட்டு வா. பாதாம் பிஸ்கட்..."

"பைத்தியமா உனக்கு!" என்று பூஷ்த்தா கத்தினார். "ஒரு குறையும் இல்லைன்னு ஏற்கெனவே எழுதி வச்சிருக்கா. கோழியும் தேனும் கம்பளமும் பாத்தா முத்திரை குத்திட்டுப் போயிடுவா. எல்லாத்தையும் அப்புறப்படுத்து!"

அண்டாவைத் தூக்கிக்கொண்டு மஃப்தல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கிட்ட வராதே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லைய்யா, நல்லா இருக்கேன்!"

"காலைல சரியில்லைன்னே?"

"அது பயிற்சி."

நடந்ததைச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. மஃப்தல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். கம்பளம், மெத்தைகள், தொலைக்காட்சி, கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் போயின. கோழிகளை மட்டும் கெட்டுப்போகுமே என்ற அக்கறையில் மஃப்தலே தின்று தீர்த்தார்.

மறுநாள் காலை கிஸ்லான் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பலகைக் கணினியுடன் வந்தாள். வீட்டில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். கூடம் வெறிச்சென்று கிடந்தது. உட்கார ஒரு துணிகூட இல்லை.

"எப்படி இருக்கீங்க, சி பூஷ்த்தா?"

யம்னா அவர் பின்னால் கரண்டியோடு நின்றாள்.

"சரியில்லை மகளே. சுத்தமா சரியில்லை" என்றார் பூஷ்த்தா. முதல் வாக்கியம்தான் கஷ்டம். அதன் பிறகு அணை உடைந்தது. ஹம்மாம் மூடியது, மாவு தீர்ந்தது, விடியும்போதே வரும் பயம், சும்மா கிடக்கும் கைகளைப் பார்க்கும்போது வரும் வெட்கம், மனைவி உருளையைக் குலுக்கும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைப்பது எல்லாம் சொன்னார். நடிப்பாக ஆரம்பித்தது எந்த இடத்தில் நிஜமானது என்று அவருக்கே தெரியவில்லை. யம்னா கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இதையெல்லாம் அவளிடமும் அவர் சொன்னதில்லை.

கிஸ்லான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யம்னாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "விருந்தாளியை டீ குடுக்காம அனுப்பினா நாளைக்கு நான் எப்படி வெளியில தலை காட்டறது?" என்று அடுப்பைப் பற்றவைத்தாள். புஸ் என்றது. உருளை தீர்ந்துவிட்டது. சூடேறாத தண்ணீரில் இரண்டு புதினா இலையைப் போட்டு, வீட்டில் மிஞ்சிய ஒரே தம்ளரில் கொண்டுவந்து வைத்தாள்.

கிஸ்லான் அதை மரியாதையாக ஒரு வாய் குடித்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து ஒரு குறையும் இல்லைன்னீங்க. இன்னிக்குப் பாய்கூட இல்லை. சூதாட்டம் எதுவும்..?"

"அல்லாஹ் மேல சத்தியமா இல்லை!"

"பின்னே எங்க போச்சு?"

"எது எங்க போச்சு?"

அவள் பதில் சொல்வதற்கு முன்பே, வெறுந்தரையில் கிடந்த தொலைபேசி அவள் கண்ணில் பட்டது. "இது ஏன் மின்னிக்கிட்டே இருக்கு?"

"அதுக்கு வயசாயிடுச்சு மகளே."

"வயசில்லை. பெட்டி நிறைஞ்சிருக்கு. பழசை அழிச்சாத்தான் புதுசு உள்ள வரும்." ஒரு 'இரட்டிப்பு' செய்தியை அவள் அழித்தாள்.

'டிங்' என்றது தொலைபேசி.

கிஸ்லான் அதைப் படித்தாள். நிவாரணப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு மாதத்துக்கு முன்பே அனுப்பிய செய்தி. தன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். காலி வீட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"சி பூஷ்த்தா... பணம் கைக்கு வந்த பிறகு எப்படி இருக்கீங்கன்னுதானே நேத்து நான் போன்ல கேட்டேன்!"