ஏரிமேல் நின்ற வெளிச்சமும் என் கையெழுத்தும்

மைத்துனர் வரதனுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன்.

ஐப்பசியில், சாயங்காலம் ஏழு மணிக்கு, நம் ஏரிக்கு மேலே மூன்று வெளிச்சங்கள் அசையாமல் நின்றதை நான் மட்டுமா பார்த்தேன்? ஊரே கரையில் நின்று பார்த்தது. நீயும் பார்த்தாய். "மாமா, இது நம்ம பூமியோடது இல்ல, வேற எங்கிருந்தோ வந்துகீது. நீ படிச்சவன், கலெக்டருக்கு மனு எழுது" என்றாய். எழுதினேன். "மொதல் கையெழுத்து நீ போடு, பின்னாடியே நாங்க போட்டுக்கினு வரோம்" என்றாய். போட்டேன். உன் முறை வந்தபோது பேனா எழுதவில்லை. மற்றவர்களுக்கு நடவு வேலை. ஒற்றைப் பெயரோடு இருந்த அந்த மனுவைத் தபாலில் சேர்த்தது மட்டும் நீதான்.

தாசில்தார், எஸ்.ஐ., விமான நிலையத்து அதிகாரி ஒருவர், மூவரும் வந்து கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வெளிச்சமும் வந்தது. அதிகாரி செல்போனைப் பார்த்து, "இது கோயம்புத்தூர் ஃப்ளைட். பின்னாடி வர்றது மதுரை. எறங்கறதுக்கு லைட் போட்டு நேரா நம்மளப் பாத்து வர்றதால நிக்கற மாதிரி தெரியுது" என்றார். மதகு வேலைக்கு வரும் முனியன், "ஏரோப்ளேன்னு அன்னிக்கே சொன்னேனே சார், நீங்கதான் மனு எழுதிக்கினு இருந்தீங்க" என்றார்.

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. "வேற யாரு பாத்தது?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன்.

"நான் இன்னாத்த பாத்தேன்? வூட்ல டிவி பாத்துக்கினு இருந்தேன்" என்றாய்.

விசாரணை முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்: மனுதாரர் ஒருவர், கண்டது பயணிகள் விமானம். பக்கத்திலேயே என் கையெழுத்தோடு மனுவின் நகல். பதினோரு வருஷமாக ஏரிப் பாசன சங்கத் தலைவர் நான். மதகை எப்போது திறப்பது என்று என்னிடம் கேட்ட ஊர், இப்போது வானத்தைக் காட்டி, "மேல கேட்டுச் சொல்லு தலைவரே" என்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்தல். எதிர்த்து நிற்பது நீ.

ஆகவே இத்துடன் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். 'நானும் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமைக்குள் அதே பலகையில் நீயே ஒட்டு. தான் எழுதியதன் கீழே தன் பெயரைப் போடப் பயப்படுகிறவன் மனுஷனே இல்லை.

உன் குடும்பம் தழைக்கட்டும். உன் அக்கா ஆதிலட்சுமி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். என்னுடையது அந்தத் தாளைப் பலகையில் பார்த்த பிறகு.

பி.கு.: எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். தாளுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே நீ பலகையில் ஒட்டமாட்டாய் என்று என்ன நிச்சயம்? ஒரு கையெழுத்துப் போட்டுப் பட்டது போதும். பெயர் போடாமல், மொட்டைக் கடிதமாகவே தபாலில் சேர்க்கிறேன்.