முடி பாய் கொடுத்த பூசணி விதை

ஆட்டுத் தோலிலிருந்து முடி எடுப்பதிலும், மனுசத் தலையில் முடி முளைக்க வைப்பதிலும் முடி பாயை மிஞ்ச பாலாற்றங்கரையில் ஆள் கிடையாது. முதல் வேலைக்குக் கம்பெனி சம்பளம் கொடுத்தது. இரண்டாவதற்கு நாங்கள் எங்கள் வயிற்றைக் கொடுத்தோம்.

மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலை ஆபீசில் நான் கிளார்க். பாய் சுண்ணாம்பு செக்‌ஷன் மேஸ்திரி. சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து முடியை எடுப்பதுதான் அங்கே வேலை. "எத்தினி ஆட்டுக்கு முடி எடுத்திருப்பேன் தோஸ்த். நாலு மனுசனுக்காவது முளைக்க வெச்சிட்டுப் போவணும்" என்பார்.

அதற்காகப் பூசணி விதை, கருஞ்சீரகம், நெல்லிக்காய், முருங்கை இலை எல்லாம் சேர்த்துப் பொடி அரைத்துக்கொண்டு வருவார். டீ நேரத்தில் ஆளுக்கு இரண்டு ஸ்பூன். வேண்டாம் என்பவரின் தலையைத் தோலைப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்து, "கிரேடு இறங்கிட்டே வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் அந்த ஆளே ஸ்பூனோடு நிற்பார்.

வாட்ச்மேனுக்கு மூன்றே நாளில் பேதி. "வேர் க்ளீனாவுது" என்றார் பாய். மேனேஜருக்கு முடி கொட்டுவது ஜாஸ்தியானது. "பழசு காலி பண்ணாத்தானே சார் புதுசு குடி வரும்?" மேனேஜர் தலையில் இன்றுவரை யாரும் குடி வரவில்லை.

என் கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது பின்னந்தலையில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. பாய் எனக்கு மட்டும் நான்கு ஸ்பூன் ஆக்கினார். சீக்கிரமே வட்டம் மூன்றானது. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்று அவரிடமே கேட்டேன். பாய் உடனே அரை நாள் லீவு போட்டு என்னை வேலூருக்குக் கூட்டிப்போனார்.

"தோல் டாக்டர்தான். அவரும் நம்ம லைனு."

டாக்டர் பார்த்துவிட்டு ஊசி போட வேண்டும் என்றார். பாய் பொடி டப்பாவை நீட்டினார்.

"வயித்துக்கு ஒத்துக்கிட்டா சாப்பிடட்டும். இந்த வட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் பாய் பொடி டப்பாவை மடியில் வைத்து மூடியைத் திருகிக்கொண்டே வந்தார். இறங்கிய பிறகுதான், "ஊசின்னா உனுக்குப் பயம். அடுத்த வாட்டியும் நானே வர்றேன்" என்றார். எல்லாத் தடவையும் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்தான் கண்ணை மூடிக்கொள்வார்.

கல்யாணத்துக்குள் முடி வந்துவிட்டது. கேண்டீனில் என் தலையைத் திருப்பிக் காட்டி, "பூசணி விதை" என்றார் பாய். நானும் ஆமாம் என்றேன்.

இப்போதும் முடி எப்படி வந்தது என்று யாராவது வந்து கேட்டால், பாய் பக்கத்தில் இருக்கும்வரை பூசணி விதை என்றுதான் சொல்வேன். அவர் நகர்ந்ததும் டாக்டர் விலாசத்தைக் கொடுப்பேன். ஆள் வந்து கேட்கிற நேரம் பார்த்து பாய்க்கு எப்படியும் எழுந்து போக ஒரு வேலை வந்துவிடும்.