மகன் கடிதம் 36, வரைவு

பக்கத்து வீட்டு ஜோசப்பின் அம்மாள் நடத்தும் விடுதியின் டிவியில் பயணிகள் படம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் திரைக்கும் நடுவே திருமலைச்சாமி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ஓய்வு பெற்ற தாசில்தாரை நகரச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால், சினிமாப் பெயர்களுக்கு இடையே, ‘மகன் கடிதம் 36 – வரைவு’ என்றிருந்தது.

மகன் முருகவேல் கனடாவிலிருந்து எழுதி மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் மாதம் ஒரு கடிதத்தைத் திருமலைச்சாமி பண்ணைக்காட்டுத் தெருவுக்குப் படித்துக் காட்டினார். எழுதுவதும் அவரே. பெற்றவனை மறந்த பிள்ளை அந்தக் குடும்பத்தில் பிறந்தான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.

டிவியை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். போனில் அவர் கடைசியாக அழைத்த ஒன்பது எண்களும் கேஸ் ஏஜென்சியுடையவை. பத்தாவதாக, கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த பென்சன் என்ற பையனை அழைத்தார்.

“போனு, கம்ப்யூட்டரு, டிவி எல்லாத்துலயும் ஓடுற சாப்ட்வேருங்கய்யா. போட்டதுமே எல்லாரும் பாக்கலாம், திருத்தலாம்னு தொறந்துதான் கெடக்கும். நாமதான் அடைக்கணும்.”

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“சொல்ல வந்தேன். ‘எனக்குத் தெரியும், நீ போ’ன்னீங்க. விடுதியோட சேத்து நாலு வீட்டுக்கும் ஒரே வைஃபை வேற. மத்தியானப் பஸ்ஸுல வாரேன், எதையும் தொடாதீங்க.”

திருமலைச்சாமி தொட்டார். யாரும் திறக்காதபடி, கடிதங்கள் இருந்த கோப்புறைக்கு ‘மூலவியாதிக் குறிப்புகள்’ என்று பெயர் மாற்றினார். பெயர் மாறிய செய்தி நாலு வீட்டுப் போனிலும் டிங் என்றது.

எதிர்வீட்டு வேலப்பன் வேலியருகே வந்தார். “ஆயக்குடியில கைராசிக்காரர் ஒருத்தர் இருக்காருங்கய்யா. வெள்ளனே போனா வெரசா பாத்துடுவாரு.”

“எனக்கு ஒரு வியாதியும் இல்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

உள்ளே போய், ‘அந்தரங்கம். திறக்கக் கூடாது’ என்று மாற்றினார். மறுபடி டிங். இம்முறை வேலப்பனோடு மனைவி தமயந்தியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் போனுடன் வெளியே வந்தாள்.

பென்சன் வந்ததும் அவனைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். “எல்லாரையும் வெளிய தள்ளிப் பூட்டு. ஒருத்தரையும் விடாத.”

வாசலில் ஜோசப்பின் நின்றாள். டிவியை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்கப் போகிறாள் என நினைத்தார். அவளோ பென்சன் காதில் விழாதபடி சொன்னாள்:

“பூட்டச் சொல்லுங்கய்யா, ஆனா என்னைய மட்டும் உள்ள விடுங்க, போன மாச லெட்டர்ல பேத்திக்கு ஒம்பது வயசு, இந்த மாசம் ஏழுன்னு எழுதிட்டீங்க, எப்பவும்போல நான்தானே திருத்தணும்.”