பாத்திரமறிந்து ஆங்கிலம் பேசு

லைனில் காத்திரு என்பதற்கு ஆங்கிலத்தில் "ஹேங் ஆன்". போனை வை என்பதற்கு "ஹேங் அப்". இரண்டுக்கும் நடுவே இத்தனூண்டு வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் என் பிழைப்பே தொங்கியது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் அம்மாள் ஒருநாள் போனில் "ஹேங் ஆன்" என்றார். பணிவோடு போனை வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடி "ஹேங் ஆன்". மறுபடியும் வைத்தேன். மூன்றாவது முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்து சீட்டைக் கூப்பிட்டார்.

பக்கத்து சீட்டில் இருப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் நுனிநாக்கு. தும்மினால்கூட "நோ வொரீஸ்" என்பான். வேலையில் என்னைவிட ஒன்பது வருடம் இளையவன். அடுத்த மாதம் பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாகிறது. நேர்காணல் ஆங்கிலத்தில். அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தால், அவனிடம் போய் நான் லீவு கேட்டு நிற்க வேண்டும்.

சபதம் செய்தேன். ஒரே மாதத்தில் இடியம் என்கிற மரபுத்தொடர், ஹேங் ஆன் மாதிரி வரும் ஃப்ரேசல் வெர்ப் அத்தனையையும் கரைத்துக் குடித்துவிடுவது.

ஒரே ஒரு சிக்கல். என் மனைவிக்குத் தெரியக் கூடாது. ஆபீஸில் இங்கிலீஷ் என்றால் நான்தான் என்று பன்னிரண்டு வருடமாக அவளிடம் அளந்து வைத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், நடுவில் போய்க் கிளற முடியுமா?

மாடி வீட்டில் ஓர் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர் இருக்கிறார். ரகசியமாக அவரிடம் சேர்ந்தேன். வீட்டில், "குடியிருப்போர் சங்கக் கூட்டம், தினமும் ஏழு மணிக்கு" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

என் மனைவி ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். வலிக்காமல் ஊசி குத்துவது அவள் தொழில். அப்படிப்பட்டவள் ஒரு கேள்வியும் கேட்காமல் சரிங்க என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

டீச்சரின் முறை விநோதமாக இருந்தது.

"மனப்பாடம் பண்ணினா மண்டையில நிக்காது. கையால செஞ்சாதான் நாக்குல வரும். செய்யறப்ப வாய்விட்டுச் சொல்லணும். இந்தாங்க, இன்னிக்குப் பாடம்."

சீட்டைப் பார்த்தேன். வாஷ் அப்: பாத்திரம் கழுவுவது. வைப் டவுன்: அடுப்பு மேடையைத் துடைப்பது. டேக் அவுட்: குப்பையை வெளியே கொண்டுபோவது.

"டீச்சர், ஆபீஸ் சம்பந்தமா ஏதாவது..."

"அஸ்திவாரம் போடாம மாடி கட்டுவீங்களா?"

கட்ட மாட்டேன். கீழே வந்து பாத்திரத்தில் கை வைத்தேன். என் மனைவி வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"என்னங்க இது, அதிசயமா இருக்கு?"

"உனக்கும் ஓய்வு வேணாமா? நானும் பார்க்கறேன், ஓடா உழைக்கறே."

"வாய்க்குள்ள என்னமோ முணுமுணுக்கறீங்களே?"

"பாட்டும்மா. பாட்டு."

"நல்ல பாட்டு. அந்தக் கடாயையும் பாடிடுங்க" என்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நெகிழ்ந்துபோனேன். சிரிப்பை அடக்கினாலும் கண்ணில் தண்ணீர் வரும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! ஆங்கிலமும் வருகிறது, நல்ல கணவன் என்ற பெயரும் வருகிறது. ஃபோல்ட் அப் என்று துணி மடித்தேன். ட்ராப் ஆஃப், பிக் அப் என்று மகளை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தேன். க்ளியர் அவுட் என்று பரணை ஒழிக்க ஏறி ஒரு பகல் முழுக்கத் தும்மினேன்.

மூன்றாம் வாரம் இடியம் தொடங்கியது.

"லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட். ஒரு கல்லையும் புரட்டாம விடாதே. அதாவது, ஒரு இடம் பாக்கி வைக்காம தேடணும்" என்றார் டீச்சர்.

"வீட்ல கல்லே இல்லையே டீச்சர்?"

"சோபா இருக்குல்ல? பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ்? நகர்த்திப் போட்டு அடியில கூட்டுங்க. ஜென்மத்துக்கும் மறக்காது."

மறக்கவில்லை. என் இடுப்பும் மறக்கவில்லை.

நேர்காணல் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் மேலாளர் அம்மாள். நுனிநாக்கு முதலில் போய்ப் பதினைந்து நிமிடம் மழையாகப் பொழிந்துவிட்டு வந்தான். அடுத்து நான். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள், வெளியே கூச்சல், என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பயத்தில் கைக்குட்டையை எடுத்து மேசையைத் துடைத்தேன். அவ்வளவுதான், அணை உடைந்தது! சிக்கலைச் சார்ட் அவுட், குழப்பத்தைக் க்ளியர் அப், புகாரை ஃபாலோ அப், ஒரு கல்லையும் புரட்டாமல் விட மாட்டேன்! பேசப் பேச மேசை பளபளத்தது. துடைப்பதை நிறுத்தினால் பேச்சும் நின்றது. எனவே நாற்காலியையும் துடைத்தேன். இத்தனை துப்புரவான பதிலை இதுவரை கேட்டதில்லை என்று பாராட்டினார் மேலாளர். பதவி எனக்கு.

வீட்டுக்குள் ராஜநடையாக நுழைந்து சோபாவில் சாய்ந்தேன்.

"ஏம்மா, இனிமே நான் பிரிவுத் தலைவர். இன்னையோட வீட்டு வேலைக்கெல்லாம் முழுக்கு."

"ரொம்ப சந்தோஷங்க" என்றவள் ஒரு நோட்டை நீட்டினாள். "டீச்சர் ரெண்டாம் பாகம் எழுதித் தரச் சொன்னாங்க. எழுதிட்டேன். குளியலறையிலேர்ந்து ஆரம்பிக்குது."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நீ... எழுதினியா?"

"மொதல் பாகமும் நான்தாங்க. டீச்சர் மாசாமாசம் சர்க்கரை பார்க்க எங்கிட்டதானே கையை நீட்டறாங்க? நீங்க சேரணும்னு கேட்ட மறுநாளே சொல்லிட்டாங்க."

"அப்ப எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு..."

"அது கல்யாணமான மறுநாளே தெரியும்."

மானம் கப்பலேறியது. நோட்டைத் தூக்கி மேசைமேல் எறிந்தேன். "நாற்காலி கிடைச்சாச்சு. இனி உன் பாடமும் வேணாம், டீச்சரும் வேணாம்!"

அப்போது போன் அடித்தது. மேலாளர் அம்மாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு ஏதோ கேட்டார். கேள்வி புரிந்தது. பதிலும் தெரிந்தது. வாயைத் திறந்தேன். காற்று.

"ஹலோ?" என்றார் அவர். என் கை அந்தரத்தில் எதையோ தேடியது.

என் மனைவி தோளைப் பிடித்து என்னை அடுக்களைக்கு நடத்தினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் மேடையில் வைத்தாள். என் கையில் பாத்திரம் தேய்க்கும் நாரைத் திணித்துக் குழாயைத் திறந்தாள்.

ஆங்கிலம் கொட்டியது.

இருபது நிமிடம் பேசினோம். தட்டு, தம்ளர், கடாய் எல்லாம் முடிந்து நான் குக்கரை நோக்கிக் கையை நீட்டியபோது, அவள் அதை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுக் காதருகே சொன்னாள்:

"அது இருக்கட்டுங்க. நாளைக்கும் அந்தம்மா கூப்பிடுவாங்கல்ல?"