டேப்லெட்டுக்குப் போட்ட மாலை

பயந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. கெட்டது நடக்கப்போகிறது என்பது எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அதை நடத்தி வைக்கப்போவதே அவன்தான் என்பது மட்டும் கடைசியில்தான் தெரியும்.

நான் அந்த ரகம். கறம்பக்குடியில் மாவு மில் வைத்திருக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு மில்லுக்குக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். (மில்லைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் இதே கூத்துதான்.) எட்டாவதோடு படிப்பை விட்டவன் என்பதால், எழுத்தில் எது வந்தாலும் அதை உத்தரவாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

எங்கள் வீட்டு டேப்லெட்டில் மாதக்கணக்காக ஓர் உத்தரவு வந்துகொண்டிருந்தது. 'அப்டேட் தயார். இப்போதா, பிறகா?' நான் ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து 'பிறகு' என்பதை அமுக்கிவந்தேன். டேப்லெட்டைக் கொண்டுவந்தது என் மச்சினன் முருகேசன். வளைகுடாவில் வேலைக்குப் போய், முதல் விடுப்பில் வந்தபோது அக்காளுக்கென்று வாங்கிவந்தான். ஒரு மூலை விரிசல் விட்டிருந்தாலும், வீடியோ காலில் அவன் முகம் பெரிதாகத் தெரிவது அதில்தான் என்று என் மனைவி செல்வி அதை மாற்றவே விடவில்லை.

எங்கள் மகள் கயலுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. முருகேசனுக்கோ விடுப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. வேறு யாராவது சொந்தக்காரர் மடியில் வைக்கலாம் என்றேன்.

"எனக்கு இருக்கறது ஒத்தத் தம்பிங்க. அவன் மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்த வேணாம்" என்றாள் செல்வி.

அம்மா அப்பா இல்லாமல் அறந்தாங்கி அத்தை வீட்டில் வளர்ந்த அக்காள் தம்பி. கடைசியில் வழி சொன்னதும் அவள்தான். நாற்காலியில் தம்பியின் வேட்டியை விரித்து, டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் கயலை உட்கார வைப்பது.

"அவனுக்குப் பிள்ளையோட பின்னந்தலைதானே தெரியும்?" என்றேன்.

"மடியில வச்சிருக்கவனுக்கு வேற என்னங்க தெரியும்?"

காதுகுத்துக்கு முந்தின நாள் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. ஆசாரி ஊசியை எடுக்கும் நேரத்தில் அந்த அப்டேட் தானாகக் கிளம்பிவிட்டால்? முன்கூட்டியே முடித்துவிடுவோம் என்று 'இப்போது' என்பதை அமுக்கினேன்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு டேப்லெட் உயிர் பெற்றது. தொட்டால் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னது. தோசைக்கல் மாதிரி சுட்டது. ஃபேன் முன்னால் வைத்தேன். ஈரத்துணியில் சுற்றினேன். தண்ணீர்ப் பானைமேல் வைக்கப் போனபோது செல்வி பிடுங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடைக்காரர் விளையாட்டுகளையும் பழைய வீடியோக்களையும் அழித்துக் கொடுத்தார்.

"அண்ணே, பழைய மாட்டு வண்டியில நெல்லு லோடு ஏத்திட்டீங்க. ரொம்ப நேரம் ஓட்டாதீங்க. சூடாச்சுன்னா படுத்துரும்."

ஆனால், கூப்பிடும் நேரத்தில் லைன் கிடைக்காமல் போனால்? அதனால் மறுநாள் குலதெய்வக் கோயிலில், கயலுக்கு மொட்டைகூடப் போடாத நேரத்திலேயே முருகேசனைக் கூப்பிட்டு நாற்காலியில் வைத்துவிட்டேன். (புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.) தாய்மாமனுக்குப் போட வேண்டிய மாலையை செல்வி டேப்லெட்டுக்குப் போட்டாள். முன்னால் மஞ்சள் பிள்ளையார், வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி. மொட்டை போட்டதும் வீட்டார் எல்லோரும் கிணற்றடிக்குக் கயலைக் குளிப்பாட்டப் போனோம்.

கடைக்காரர் சொன்னபடியே டேப்லெட் சூடேறிப் படம் உறைந்துபோயிற்று. அதுவும் முருகேசன் கண்ணை மூடிய நேரம் பார்த்து.

அப்போதுதான் பஸ் பிடித்து அறந்தாங்கி அத்தை வந்து சேர்ந்தார். டேப்லெட் ஏற்பாட்டை அவரிடம் சொல்ல எல்லோரும் மறந்திருந்தோம். ஆளில்லாத நாற்காலியில் அவர் பார்த்தது கண் மூடிய முருகேசன் படம், மாலை, ஊதுபத்தி.

"ஏ ராசா! கடல் தாண்டிப் போனவனே, கண்ண மூடிப் போனியே! நீ அனுப்புன சீலையைக் கட்டிக்கிட்டா ஒன்னய இப்புடிப் பாக்கணும்!"

எங்கள் பக்கம் ஒருத்தி அழுதால் பக்கத்தில் இருப்பவள் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டாள். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தும்போதுதான் "யாரு செத்தா?" என்பாள். நாங்கள் ஓடிவருவதற்குள் கோயிலுக்கு வந்திருந்த பெண்கள் ஒரு கூட்டமே சேர்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது.

இனி சொல்வதுதான் எனக்கு வெட்கம். அந்த நாற்காலியை வைத்தவன் நான். ஊதுபத்தி கொளுத்தியவன் நான். சற்று முன் அவனோடு பேசியவனும் நான். அப்படியிருந்தும் அத்தையின் அழுகையைக் கேட்டதும், 'ஐயோ, அங்கிட்டு என்னமோ ஆகி, நமக்கு முந்தி இவங்களுக்குச் சேதி வந்துருச்சு' என்று முடிவு கட்டி, "மாப்ள!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மாலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அத்தே... அழுவாதீங்க. நான் இருக்கேன்."

உதடு அசையாத படம் பேசியதும் அழுத கூட்டம் ஆளுக்கொரு பக்கம் ஓடியது. அத்தை மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். விஷயம் புரிந்ததும் அந்த அழுகை அப்படியே என்மேல் திரும்பியது.

"உசுரோட இருக்கவனுக்கு மாலையப் போட்டு, பத்தியைக் கொளுத்தி வச்சிருக்கீங்களே மாப்ள! புத்தி இருக்கா ஒங்களுக்கு?"

மாலையை அவரே கழற்றினார். முந்தானையால் படத்தைத் துடைத்தார். படம் கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை. குரல் மட்டும் அறுபடாமல் வந்தது. அது போதும் என்றாள் செல்வி. ஆசாரி ஊசி எடுத்ததும் கயல் வீறிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, "இந்தா ஆச்சு தாயி, மாமா புடிச்சிருக்கேன்ல" என்று குரல் வந்தது. பிள்ளை அந்தச் சூட்டின்மேலேயே சாய்ந்துகொண்டாள்.

சாயங்காலம் முருகேசன் என் போனில் கூப்பிட்டான்.

"மச்சான், அத்தை வந்ததுலருந்து எனக்கு எல்லாம் கேட்டுச்சு."

"அடப்பாவி, ஒடனே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம். சும்மா... கொஞ்சம் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

உலகத்தில் உள்ள பயம் எல்லாம் என் தலையில்தான் குடியிருக்கிறது என்று நினைத்திருந்தவன் நான். நம்மை யாராவது நினைக்கிறார்களா என்று தூரத்தில் இருப்பவனுக்கு ஒரு பயம் இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

அதற்குப் பிறகு அவன் அத்தையைக் கூப்பிட்டால் முதல் வார்த்தை, "உசுரோடதான் இருக்கேன் அத்தே." வீட்டில் யாராவது கண்ணை மூடிச் சற்றுச் சாய்ந்தால், "மச்சான் வாராரு, மாலையோட" என்று ஒருவரையொருவர் எழுப்பிவிடுகிறார்கள். டேப்லெட்டில் அடுத்த அப்டேட் வந்துவிட்டது. 'பிறகு' என்பதை அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒருவழியாக விடுப்பு கிடைத்து முருகேசன் வந்தபோது, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அத்தை கையில் மாலையோடு நின்றார். அவன் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தான்.

"இரு இரு" என்றார் அத்தை. "கண்ண நல்லாத் தொறந்து வச்சுக்க. அப்பத்தான் போடுவேன்."